போட்டோவில் இருந்த கன்னம்

கையில் இருந்த போட்டோவை என் முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுவந்து பிடித்தார் மாதப்பன். ஒரு தடவை போட்டோவைப் பார்த்தார். ஒரு தடவை என்னைப் பார்த்தார். ஜூஜூவாடி செக்போஸ்ட்டில் லாரி டிரைவரின் லைசென்ஸைப் பார்க்கிற போலீஸ்காரர்கூட அவ்வளவு நேரம் எடுத்துக்கொள்ள மாட்டார்.

"இது யாரு?"

"நான்தாங்க."

"இதுல கன்னம் இருக்குது."

"ஆமாங்க."

"இப்ப எங்க?"

அது உத்தனப்பள்ளியில் பெண் பார்க்கப் போன இடம். மாதப்பன் பெண்ணுக்குத் தாய்மாமன். அப்பா இல்லாத பெண் என்பதால் அவர் சொல்வதுதான் அந்த வீட்டில் முடிவு. எனக்குப் பக்கத்தில் பட்டுப்புடவையோடு உட்கார்ந்திருந்த அம்மா, கையில் எடுத்த மிக்சரைத் தட்டிலேயே திருப்பிப் போட்டது.

"காய்ச்சலுங்க. ரெண்டு நாளா ஒண்ணும் சாப்புடல. அதான் கொஞ்சம் வாடிட்டான்."

"ரெண்டு நாள் காய்ச்சல்ல இவ்ளோ கன்னம் கரையுமாம்மா?" என்றார். அப்புறம் குரலைத் தணித்து, "உங்களுக்குப் பசங்க எத்தினி பேரு? இவனுக்கு அண்ணன் தம்பி யாருனா இருக்காங்களா?" என்று கேட்டார்.

அண்ணன் போட்டோவைக் காட்டித் தம்பியைக் கட்டிவைக்க வந்திருக்கிறோம் என்று சந்தேகப்பட்டுவிட்டார். சிரிக்கக் கூடாத இடத்தில் சிரிப்பது என் வழக்கம். சிரித்துவிட்டேன். அம்மா புடவைக்கு அடியில் என் தொடையைக் கிள்ளியது.

எங்கள் வீட்டில் நான் ஒருத்தன்தான். தம்பி இருந்திருந்தாலும் அவனுக்கும் கன்னம் இருந்திருக்காது. எங்கள் பரம்பரையிலேயே யாருக்கும் கிடையாது. அந்தக் கன்னம் வெளியூர்ச் சரக்கு. பெங்களூர் ஆஸ்பத்திரியில் இருந்து வந்தது.

இத்தனை வாரமாக இந்தப் பத்தியில் கம்பெனி கேன்டீன் சாம்பாரையும் சூப்பர்வைசரின் மீசையையும் கிண்டல் பண்ணிக்கொண்டிருந்தேன். இந்த வாரம் என் உடம்பின் முறை. அதுவும் என்னை நன்றாகவே கிண்டல் பண்ணியிருக்கிறது.

இரண்டு பச்சைப் பட்டன்

பத்தாவதில் கணக்குப் பாடம் என்னைக் கைவிட்ட பிறகு, சிங்காரப்பேட்டையில் இருந்து பஸ் ஏறி ஓசூருக்கு வந்தவன் நான். சிப்காட்டில் ஒரு கம்பெனி. கான்ட்ராக்ட் வேலை. பிரஸ் ஷாப்பில் நிறுத்தினார்கள். தகட்டை வைத்து, இரண்டு பக்கமும் இருக்கிற பச்சைப் பட்டனை இரண்டு கையாலும் ஒரே நேரத்தில் அழுத்த வேண்டும். அப்போதுதான் மெஷின் இறங்கும். ஒரு கை உள்ளே மாட்டிக்கொள்ளக் கூடாது என்பதற்கான ஏற்பாடு.

ஒரு மார்கழியில் காலையில் எழுந்தால் விரல் மடங்கவில்லை. ஓசூர்ப் பனியைக் குறை சொன்னேன். அடுத்த நாளும் மடங்கவில்லை. பனியைவிட்டு, எடுத்துப் போர்த்திய கம்பளியைக் குறை சொன்னேன். ஒரு வாரம் கழித்துக் கணுக்கள் எல்லாம் இலந்தைப்பழம் போல வீங்கின. மணிக்கட்டு சுட்டது. பல் விளக்க பிரஷ்ஷைப் பிடித்தால் அது நழுவித் தொட்டிக்குள் விழுந்தது.

கம்பெனியில் பச்சைப் பட்டனை விரலால் அழுத்த முடியாமல் முழங்கையால் அழுத்தினேன். பக்கத்து போர்ஷனில் குடியிருந்த அன்வர் அதே கம்பெனியில் ஸ்டோர்ஸில் இருந்தான். கிருஷ்ணகிரிக்காரன். அவன் பார்த்துவிட்டுச் சொன்னான்:

"இன்னா மாமே, மெஷினுக்குக் கிச்சுகிச்சு மூட்டறியா?"

சிரித்தேன். சிரித்தாலும் தோள் வலித்தது.

ஒரு ஊசி

முதலில் போனது ராயக்கோட்டை ரோட்டில் ஒருவரிடம். டாக்டரா என்று யாரும் கேட்டதில்லை. வெளியே செருப்பு நிறைய கிடக்கும், அதுதான் அவர் படிப்புக்குச் சாட்சி. இடுப்பில் ஒரு ஊசி போட்டார். அன்று மாலையே கை மடங்கியது. மாடிப்படியில் இரண்டிரண்டு படியாக ஏறினேன். அன்வரைத் தூக்கித் தட்டாமாலை சுற்றினேன்.

வாரம் முடிந்ததும் வலி திரும்ப வந்தது. வரும்போது முழங்காலையும் கூட்டிக்கொண்டு வந்தது. மறுபடி ஊசி. மறுபடி வலி. ஊசியில் என்ன மருந்து என்று கேட்டேன். "பவர் மருந்து" என்றார். அது எந்த மருந்து என்று எனக்குத் தெரிந்தது பல மாதம் கழித்து, பெங்களூரில்.

மூன்று பாஷையில் நோவு

அந்தப் பெரிய ஆஸ்பத்திரியில் மூட்டுக்கு என்றே ஒரு டாக்டரம்மா இருந்தார். கன்னடக்காரர். தமிழும் கொஞ்சம் பேசுவார். எங்கள் லைன் வீட்டில் தண்ணீர்க் குழாய்ச் சண்டையிலேயே நான் கன்னடமும் தெலுங்கும் கற்றுக்கொண்டவன். அதனால் பயமில்லாமல் போனேன்.

"நோவு எப்படி இருக்கு? பத்துக்கு எத்தனை?"

பத்துக்கு எத்தனை என்று கேட்டால் எனக்குப் பழைய கணக்கு வாத்தியார் ஞாபகம் வந்துவிடும். "காலைல குடையுது. மத்தியானம் கடுக்குது. மழ வந்தா விண்ணுவிண்ணுனு தெறிக்குது. இதுல எதுக்கும்மா மார்க்கு போடறது?" என்றேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். அப்புறம் ஒவ்வொரு விரலாக அழுத்தினார். நான் மூன்று பாஷையிலும் கத்தினேன்.

முடக்குவாதம் என்றார். இந்த வயசிலும் வருமாம். உடம்பே தன் மூட்டைப் பகையாளி என்று நினைத்து அடிக்கிறதாம். "அப்ப நான் அடிவாங்கறேனா, அடிக்கறேனா?" என்று கேட்டேன். "எரடும் நீனே அப்பா" என்றார். இரண்டும் நீதான்.

சின்னதாக ஒரு வெள்ளை மாத்திரை எழுதினார். ஸ்டீராய்டு. ராயக்கோட்டை ரோட்டுக்காரரின் பவர் மருந்தும் இதே சாதிதானாம். அதோடு வாரத்தில் ஒரே ஒரு நாள் போடுகிற மாத்திரை இன்னொன்று. அது வேலை செய்ய மாதக்கணக்கில் ஆகும், அதுவரை வெள்ளை மாத்திரை தாங்கிப் பிடிக்கும் என்றார்.

"நோடப்பா, ஊட்ல தீ புடிச்சா வண்டி வந்து தண்ணி அடிக்கும். அணைஞ்ச அப்புறமும் அடிச்சிட்டே இருந்தா ஊடே இடிஞ்சி போகும். அதனால கொஞ்சம் கொஞ்சமா நான்தான் கொறைப்பேன். நீயா நிறுத்தவும் கூடாது, நீயா ஏத்தவும் கூடாது."

காலையில் சாப்பிட்ட பிறகு போடு என்று சீட்டில் இருந்தது. ஷிஃப்ட் ஆளுக்கு எது காலை? நைட் ஷிஃப்ட் வாரத்தில் நான் சாயந்திரம்தான் எழுந்திருப்பேன். அதுதான் என் காலை என்று முடிவு பண்ணி, அப்போது போட்டேன். அந்த வாரம் முழுக்கக் கண்ணே மூடவில்லை. பகலில் படுத்துக்கொண்டு ஆஸ்பெஸ்டாஸ் கூரையில் இருக்கிற ஆணியைப் பார்த்துக் கொண்டிருந்தேன். டாக்டரம்மாவிடம் சொன்னபோது தலையில் கை வைத்துக்கொண்டார். "சூரியனோட காலை அப்பா, உன் கம்பெனியோடது அல்ல!"

பூரி

வலி இறங்கியது. அதை மறுக்க மாட்டேன். விரல் மடங்கியது, சட்டை பட்டன் போட்டது. ஆனால் மற்றதெல்லாம் மேலே ஏறியது.

முதலில் பசி. கேன்டீனில் மூன்றாவது முறை சோறு வாங்கப் போனபோது கரண்டிக்காரர், "தம்பி, பின்னாடி ஆளுங்க நிக்கறாங்க" என்றார். அப்புறம் வியர்வை. முதுகில் பரு. காரணமே இல்லாமல் கோபம், அடுத்த நிமிஷம் காரணமே இல்லாமல் சிரிப்பு. இரண்டாவது எனக்குப் பழக்கம் என்பதால் யாரும் கவனிக்கவில்லை. வயிற்றின் ஓரத்தில் ஊதா நிறக் கோடுகள். சோதித்தபோது சர்க்கரை கூடியிருந்தது.

கடைசியாக முகம். இரண்டு கன்னமும் காதைத் தொடப் புறப்பட்டன. கண் இடுங்கிவிட்டது. முகம் சிவந்து, எண்ணெய் மினுமினுப்போடு முழு நிலா போல ஆனது. கம்பெனியில் எனக்குப் பூரி என்று பெயர் வைத்தார்கள். அன்வருக்கு அது போதவில்லை.

"கெலவரப்பள்ளி டேம்ல நொர பொங்கற மாதிரி பொங்கி நிக்குதுடா மூஞ்சி. ஷட்டரைத் தெறந்து வுடு."

ஆனால் சிங்காரப்பேட்டையில் இருந்து சமைத்துப் போட வந்திருந்த அம்மாவுக்கு மட்டும் ஆனந்தம். பிறந்ததில் இருந்து குச்சி போலத் திரிந்த மகன். தெருவில் நடத்திக் கூட்டிப்போய், பார்க்கிறவர்களிடம் எல்லாம், "எம்மவன் தேறிட்டான்" என்றது. எனக்குத் திருஷ்டி சுற்றிப் போட்டது. பூசணிக்காயை உடைத்தபோது எது பூசணி, எது நான் என்று அன்வர் கேட்டான்.

அந்தச் சந்தோஷத்திலேயே என்னை பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்து ஸ்டுடியோவுக்கு இழுத்துப்போய், அருவி வரைந்த திரைக்கு முன்னால் நிறுத்திப் போட்டோ எடுத்தது. போட்டோக்காரர், "ஃபிரேம்ல மொகம் மட்டும்தான் நெறையுது, அருவி தெரியல" என்று சலித்துக்கொண்டார். போட்டோ உத்தனப்பள்ளிக்குப் போனது. பெண் வீட்டில் பிடித்துப்போனது. லட்சணமான முகம், நல்ல செழிப்பு என்று சொல்லி அனுப்பினார்கள்.

அவர்கள் நேரில் கூப்பிடுவதற்குள் பல மாதம் ஓடிவிட்டது. வாரம் ஒரு நாள் மாத்திரை வேலையைக் காட்ட ஆரம்பித்தது. டாக்டரம்மா வெள்ளை மாத்திரையை அரை, கால் என்று குறைத்துக்கொண்டே வந்தார். சர்க்கரை இறங்கியது. தூக்கம் வந்தது. கன்னம் வந்த வழியே போய்விட்டது. காலையில் மட்டும் விரல் விறைக்கும், வெயில் ஏறினால் இளகிவிடும். உண்மையைச் சொன்னால், நோய் வந்த பிறகு நான் நன்றாக இருந்த காலம் அதுதான்.

அந்த முகத்தோடுதான் உத்தனப்பள்ளிக்குப் போனோம்.

தை பிறக்கட்டும்

அண்ணனும் இல்லை, தம்பியும் இல்லை என்று அம்மா குலதெய்வத்தின் மேல் சத்தியம் பண்ணியது. மாதப்பன் ஒருவழியாக நம்பினார். ஆனால் அவருக்கு வேறு கவலை பிடித்துக்கொண்டது. இப்படி உருகிப் போனவனுக்கு என்ன வியாதியோ?

"ஒண்ணும் தப்பா நெனைக்காதீங்க. பையனை நல்லா தேத்துங்க. தை பொறக்கட்டும். போட்டோல இருக்கற மாதிரி ஆனதும் சொல்லி அனுப்புங்க, பேசிக்கலாம்."

நோயாளியாக இருந்தபோது பிடித்த மாப்பிள்ளை, தேறியதும் நோயாளி ஆகிவிட்டான். வாயைத் திறந்து சொல்லிவிடலாம் என்று பார்த்தேன். அம்மா கிள்ளின இடத்திலேயே இன்னொரு முறை கிள்ளியது. கதவோரத்தில் நின்றிருந்த பெண்ணை அப்போதுதான் சரியாகப் பார்த்தேன். மஞ்சுளா. காபி டம்ளரை நான் விரலால் பிடிக்காமல் இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்துக் குடித்ததை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் பார்த்ததும் பார்வையை மாற்றவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அம்மா அரிசிப் பானைக்குப் பின்னால் இருந்து ஒரு டப்பாவை எடுத்தது. டோஸ் குறைத்தபோது மிச்சமான பழைய அட்டைகள் அதில் இருந்தன.

"கொமரேசா, தை வரைக்கும் போடுடா சாமி. தாலி ஏறனதும் நிறுத்திக்கலாம்."

"டாக்டரம்மா திட்டுவாங்கம்மா."

"அந்தம்மாவா உனுக்குப் பொண்ணு குடுக்கப் போவுது?"

அட்டையை வாங்கி இரண்டு மாத்திரையை உள்ளங்கையில் பிதுக்கினேன். அன்றைக்குப் பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொண்டு வந்ததில் மணிக்கட்டு வேறு தெறித்துக்கொண்டிருந்தது. இதைப் போட்டால் நாளைக் காலை விறைப்பே இருக்காது. கன்னமும் வரும், பெண்ணும் கிடைக்கும், அம்மாவும் சிரிக்கும். மறுபக்கம் சர்க்கரை, தூங்காத கண், எலும்பு உளுத்துப்போகும் என்று டாக்டரம்மா சொன்னது. எலும்பு உள்ளே இருக்கிறது, யாரும் பார்க்கப்போவதில்லை. கன்னம்தான் வெளியே இருக்கிறது.

வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த அன்வர் உள்ளே வந்தான்.

"போடு மாமே. கல்யாணத்துக்கு ஊதிரும். அப்பறம் கொறைப்ப, வடிஞ்சிரும். அவுங்க மாமன் மறுபடி போட்டோவைத் தூக்கினு வருவான். திருப்பி ஊதணும். ஆயுசுக்கும் பலூன் கட வெக்கப்போறியா?"

சிரித்துவிட்டேன். அம்மாவுக்குச் சிரிப்பு வரவில்லை. மாத்திரையை டப்பாவிலேயே போட்டேன்.

காலையும் மாலையும்

மஞ்சுளா வயர் கட்டுகிற ஒரு கம்பெனியில் ஜெனரல் ஷிஃப்டில் இருந்தாள். சாயந்திரம் கம்பெனி பஸ் அவளை ராயக்கோட்டை கிராஸில் இறக்கிவிடும். அங்கே நின்று ஊர் பஸ் பிடிப்பாள். அன்வர் என்னை பைக்கில் கொண்டுபோய் இறக்கிவிட்டு, எதிரே டீக்கடையில் முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டான். காது மட்டும் எங்கள் பக்கம் இருந்தது.

அவளே முதலில் பேசினாள். "நீங்க போட்டோல இருக்கறவரா, நேர்ல வந்தவரா?"

"நேர்ல வந்தவன். போட்டோல இருக்கறவனுக்கு ஒடம்பு சரியில்ல."

அவளுக்குப் புரியவில்லை. முழுக்கச் சொன்னேன். நோயின் பெயர், ஊசி, மாத்திரை, பூரி, எல்லாம். கேட்டுக்கொண்டே இருந்தவள் ஒவ்வொன்றாகக் கேட்டாள்.

"ஒட்டுமா?"

"ஒட்டாது."

"செரியாவுமா?"

"முழுசா ஆவாதாம். மருந்து போட்டா அடங்கி இருக்குமாம்."

"கொழந்தைங்க?"

"அதுக்கு... முன்னாடியே சொன்னா மாத்திரைய மாத்திக் குடுப்பாங்களாம்." முகம் சிவந்துவிட்டது. இந்தத் தடவை மாத்திரையால் இல்லை.

"கையை மூடிக் காட்டுங்க."

மூடினேன். சாயந்திரம் என்பதால் நன்றாகவே மூடியது.

"இப்ப நல்லாத்தான இருக்குது?"

"காலைல இப்படி இருக்காது."

அவள் ஊர் பஸ் வருகிறதா என்று எட்டிப் பார்த்தாள். பிறகு சொன்னாள்: "எங்க அக்காவுக்கும் போட்டோ பாத்துதான் முடிச்சாங்க. பகல்ல வந்து பாத்தாங்க, தங்கமான மாப்ளைன்னாங்க. எங்க மச்சான் காலைல தங்கம்தாங்க. சாயந்தரம் ஆனா பாட்டிலோட வருவாரு. யாரும் அந்த நேரத்துல போயி பாக்கல." ஊர் பஸ் வந்துவிட்டது. படியில் ஏறிக்கொண்டே, "நான் உங்களைக் காலைல வந்து பாக்கறேன்" என்றாள்.

டீக்கடையில் இருந்து அன்வர் எழுந்து வந்தான். "மாமே, பொண்ணு வந்து மாப்ளய பாக்கற ஊரு எதுடா?"

எமகண்டம்

அடுத்த வியாழக்கிழமை, பனி விலகுவதற்கு முன்னால் வாசலில் மொபெட் சத்தம். மஞ்சுளாவும், குல்லாய் போட்ட மாதப்பனும். அவள் எல்லாவற்றையும் அவரிடம் சொல்லிவிட்டிருந்தாள் என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது.

"வியாழக்கெழம காலைல எமகண்டம்மா. எவனாச்சும் இந்த நேரத்துல சம்பந்தம் பேச வருவானா?" என்று புலம்பிக்கொண்டே உள்ளே வந்தார்.

"பேச வரல மாமா. பாக்க வந்தோம்" என்றாள்.

என் விறைப்புக்கும் எமகண்டத்துக்கும் ஒரே நேரம். நான் என்ன செய்ய?

அம்மா என் மேல் ஸ்வெட்டரைப் போட்டு மறைக்கப் பார்த்தது. ஸ்வெட்டரைத் தள்ளிவிட்டு எழுந்தேன். கட்டிலின் ஓரத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்தால்தான் கால் கேட்கும். உட்கார்ந்தேன். குழாயை விரலால் திருக முடியாது, மணிக்கட்டால் தள்ளித் திறந்தேன். பிடி வேண்டும் என்று பிரஷ்ஷில் சைக்கிள் டியூபைச் சுற்றியிருக்கிறேன். அதைப் பிடித்துப் பல் விளக்கினேன். சட்டையின் முதல் பட்டன் ஓட்டைக்குள் போகவில்லை. மறுபடி. போகவில்லை. கிண்டல் பண்ண ஏதாவது யோசித்தேன், ஒன்றும் வரவில்லை.

அம்மா பொறுக்க முடியாமல் பட்டனுக்குக் கையை நீட்டியது.

"விடுங்க அத்தை. நீங்க ஊருக்குப் போயிட்டா என்னா பண்ணுவாருன்னு பாக்கணும்."

அத்தை என்ற வார்த்தையைக் கேட்டதும் அம்மாவின் கை அப்படியே நின்றுவிட்டது. மாதப்பனுக்குத்தான் தாங்கவில்லை. "அட, நானாச்சும் போட்டு உடறேன்" என்று எழுந்தார். அவரையும் உட்கார வைத்தாள்.

வெந்நீரில் கையை முக்கி வைத்திருந்தேன். ஜன்னலில் வெயில் லேசாக ஏறியது. விரல் ஒவ்வொன்றாக இளகியது. பட்டனைப் போட்டேன். அடுப்பைப் பற்றவைத்து டீ போட்டேன். முதல் டம்ளரை மாதப்பனுக்குக் கொடுத்தேன். இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் பிடித்துத்தான் நீட்டினேன். சிந்தவில்லை.

அவர் டீயைக் குடிக்கவில்லை. அவளைப் பார்த்தார். "தெனமும் இப்படித்தானாம்மா. ஆயுசுக்கும். யோசிச்சுக்கோ."

"யோசிச்சிட்டேன் மாமா. தட்டு மாத்திக்கலாம்."

மாதப்பன் பதறிப்போய் வாட்ச்சைப் பார்த்தார். "ஏய், ஏய்! எமகண்டம் இன்னும் முடியல. இப்ப சொன்னா செல்லாது. வாயை மூடு. முடிஞ்சதும் சொல்லு."

அவளுக்குக் கம்பெனி பஸ் போய்விடும் என்று அம்மா முணுமுணுத்தது. அவள் அசையவில்லை. நாலு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்க்காமல் உட்கார்ந்திருந்தோம். தூக்கக் கலக்கத்தோடு எட்டிப் பார்த்த அன்வர், "இன்னா மாமே, பேசுனா அபராதமா?" என்று கேட்டான். யாரும் பதில் சொல்லவில்லை என்றதும் அவனும் வாசற்படியில் உட்கார்ந்துகொண்டான்.

மாதப்பன் வாட்ச்சில் இருந்து தலையை நிமிர்த்தினார்.

"ஆங், இப்ப சொல்லும்மா."

சொன்னாள். முதல் தடவையைவிடச் சத்தமாக.